கு-31

பத்து நாற்பதுக்குக் குளவி கலைந்தது.
பதினொன்று ஐம்பத்தைந்துக்கு என் கையில் ஊசி.
ட்ராக்டர் பெட்டியில் படங்கு விரித்து
நாலு பேரைக் கொண்டுவந்திருந்தார்கள்
டிக்கோயா ஆஸ்பத்திரி வாசலுக்கு.
இடையில் கிடந்தது ஏழாம் நம்பர் மலை,
மண் சரிந்த பாதை,
சாரதியைத் தேடிய இருபது நிமிடம்.
என் படிவத்தில் இவற்றுக்குக் கட்டம் இல்லை.
தாமதம்: 75 என்று எழுதினேன்.

இரண்டு பேர் ஒரே நிரையில் நின்றவர்கள்.
அமிர்தவள்ளிக்குக் கொட்டிய இடம் முப்பத்தெட்டு.
நான் எண்ண எண்ணக் கூடவே எண்ணினாள்,
காதுக்குப் பின்னால் நான் விட்டதைத் திருத்தினாள்.
தங்கேஸ்வரிக்கு ஒன்பது.
ஒன்பதுக்காரிக்குத்தான்
உதடு தடித்து நாக்கு வாய் நிறைந்து
அழுத்தம் இறங்கி இறங்கி
மானிட்டரில் வெறும் கோடிட்ட இடம்.

தொடையில் அட்ரினலின். மறுபடியும் தொடையில்.
குழாய் தொண்டைக்குள் வழி தேடியது.
நிலூகா மிஸ்ஸி பையைப் பிழிந்தபடி
எக்காய், தெகாய், துனாய் என்று
மூச்சுகளைச் சிங்களத்தில் எண்ணிக்கொண்டிருந்தாள்.

விஷம் கொஞ்சம்தான்.
விடியுமுன் பிரட்டுக்குத் தப்படிக்க
ஒரு டிவிசனுக்கு ஓர் ஆள் போதும்.
தோலடியிலும் குடலோரத்திலும்
மூச்சுக்குழல் சுவரிலும் குந்தியிருக்கும்
மாஸ்ட் செல் அத்தனையும்
ஒரே நொடியில் தப்படித்தால்
எழும்பிய உடம்பு எந்தக் களத்துக்கு ஓடும்?
நாளங்கள் தளர்ந்து
ஓரமெங்கும் கான் வெட்டினாற்போல் ஒழுகும்.
இரத்தம் உள்ளேதான் இருக்கும்,
இதயத்துக்கு வந்து சேராது.

கு என்றால் குளவி. முப்பத்தோராவது ஆள்.
முதல் குழாய் பன்னிரண்டு பத்துக்கு,
அடுத்தது மறுநாள் அதே நேரம்,
எல்லாம் அடங்கிய பிறகு.
இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் என் நாலு வருட வேலை.
மின்சாரம் போனபோது
சுழன்றுகொண்டிருந்த யந்திரத்தின் மூடியில்
ரிஸ்மி இரண்டு கையையும் வைத்து நின்றான்,
ஜெனரேட்டர் வரும்வரை, ஒரு மாட்டைத் தடவுவதுபோல.

பேராதனை பஸ்ஸில் பெட்டி என் மடியில்.
மீனா என்றார் கண்டக்டர்.
இரத்தம் என்றேன்.
கினிகத்தேனை வளைவு வரை யோசித்துவிட்டு
பெட்டிக்கும் அரை டிக்கெட் கிழித்தார்.

மூன்றாம் நாள் குழாயை எடுத்தோம்.
ஐந்தாம் நாள் தாளோடு போனேன்.
மயங்கிக் கிடந்தவளின் இரத்தத்தை
புருஷனைக் கேட்டு எடுத்திருந்தோம்;
விழித்தவளிடம் மீண்டும் கேட்பது விதி.
வேண்டாம் என்றால் அத்தனையையும்
கொட்டிவிட வேண்டும், அதுவும் விதி.

பக்கத்தில் அமிர்தவள்ளி,
முகமெல்லாம் கலமைன் வெள்ளை.
"அவளுக்கு முப்பத்தெட்டு, எனக்கு ஒம்பது.
எனக்கு ஏன் இப்பிடி?"
குரல் இன்னும் குழாயின் கரகரப்பில் இருந்தது.

"தெரியாது. அதைத்தான் தேடுகிறேன்."

"தெரியாமலா ரத்தம் எடுத்தீங்க?"

"தெரியாததால்தான்."

தாளை வாங்கி
ஒவ்வொரு வரியிலும் விரல் வைத்துப் படித்தாள்.
நிலூகா வந்து சேலைன் மாற்றிப் போனாள்.
இன்னும் படித்தாள்.
"டிரைவரைத் தேடுன இருவது நிமிசம்
இதுல எங்க இருக்கு?"

எழுபத்தைந்தைக் காட்டினேன்.

"அது எல்லாம் சேத்து. அதத் தனியா எழுதுங்க.
எழுதுனா வைக்கிறேன்."

ஓரத்தில் எழுதினேன், கொஞ்சம் கோணலாக.
கூடை விழுந்த நாளுக்கு அரைப்பேர்தான் போட்டார்களாம்,
அதையும் எழுதச் சொன்னாள் அமிர்தவள்ளி.
எழுதினேன்.
தங்கேஸ்வரி கையெழுத்து வைத்தாள்,
பெருவிரல் மையை ஒதுக்கிவிட்டு,
முழுப்பெயரையும், புள்ளிகள் விடாமல்.

படிவத்தில் புதுக் கட்டம் போட
நெறிமுறைக் குழுவின் அனுமதி வேண்டும்.
கூட்டம் அடுத்த மாதம்.
கொழுந்து நிறுக்கும் மடுவத்தில்
ஓர் அட்ரினலின் ஊசி வைக்க
எந்தக் குழுவைக் கேட்பதென்று தெரியவில்லை.

ஏழாம் நம்பரில் டர்பன்டைன் மரத்தில்
கூடு அப்படியே இருக்கிறது.
திங்கட்கிழமை அந்த மலைதான்,
சொல்லிவிட்டுப் போனாள் அமிர்தவள்ளி.
கு-32 என்று எழுதிய குழாய்கள்
ரிஸ்மியின் தட்டில், காலியாக.